கடிபட்ட ஈயக்குண்டு

அத்தியாயம் 4

எனக்குப் பன்றி என்றால் பயம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு, "வெண்டெல், நீ ஏன் காரை விட்டு இறங்கவே யோசித்தாய்?" என்று யாரும் கேட்கக் கூடாது பாருங்கள். துப்பறிபவரின் உதவியாளன் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போக வேண்டும் என்று வர்ஜீனியாவில் சட்டம் எதுவும் கிடையாது. நான் விசாரித்துவிட்டேன்.

அன்று காலை எங்கள் அலுவலக மேஜைமேல் பழைய செய்தித்தாள் விரித்து ஏழு ஈயக்குண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. உள்நாட்டுப் போர்க் காலத்துச் சரக்கு. எங்கள் பக்கத்தில் தோட்டத்தைக் கிளறினால் உருளைக்கிழங்குக்கு முன்னால் இதுதான் வரும். மேஜைக்கு இந்தப் பக்கம் என் முதலாளி மிஸ் ஆர்டித் ரக்கர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்பவர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். மேஜைக்கு அந்தப் பக்கம், எங்கள் கட்சிக்காரி ரோவீனா ஸ்ட்ராதர், ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரோவீனாவின் கணவர் கார்லண்டைப் போன வியாழக்கிழமையிலிருந்து காணவில்லை. மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய குண்டு தேடக் கிளம்பியவர் திரும்பவில்லை. மறுநாள் அவருடைய வண்டி சால்ட்லிக் ஓடைக் கரையில் நின்றது. டிடெக்டர் பாதி தண்ணீருக்குள் கிடந்தது. தோண்டியதைப் போட்டுக்கொள்ளும் இடுப்புப் பை ஒரு கிளையில் தொங்கியது. அதற்குள் இருந்தவைதான் இந்த ஏழு குண்டுகளும். மழைக்கு ஓடை கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்ததால், வழுக்கி விழுந்து வெள்ளத்தோடு போய்விட்டார் என்று எங்கள் ஊர் போலீஸ் டெபுடி பாய்ட் முடிவுகட்டிவிட்டார். பாய்ட், ரோவீனாவுக்குச் சித்தப்பா மகன். பாதி ஊர் நீளக் கம்போடு ஓடையைக் குத்திக்கொண்டிருந்தது. உடல் கிடைக்கவில்லை.

ஊரே ரோவீனாவுக்காக உருகியது. உருகத்தான் வேண்டும். முதல் கணவன் ஹார்லனும் நாலு வருடத்துக்கு முன்னால் இதே நவம்பரில்தான் போனான். மான் வேட்டைக்குப் போன இடத்தில் யாரோ சுட்ட குண்டு வழிதவறி வந்து அவன்மேல் பாய்ந்துவிட்டது. சுட்டவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. உடம்பைத் துளைத்துக்கொண்டு போன குண்டும் கிடைக்கவில்லை. இப்போது இரண்டாவது கணவனும் போயாயிற்று. நான் அவளுக்காக ஒரு பெட்டி டிஷ்யூ வாங்கி வைத்திருந்தேன்.

"இதைப் பாத்தா எங்க தோண்டினார்னு சொல்ல முடியுமா, மிஸ் ஆர்டித்?" என்றாள் ரோவீனா.

"உங்ககிட்ட அவர் சொன்னதில்லையா?"

"குண்டு தேடறவன் பொண்டாட்டிகிட்ட என்னைக்கு இடத்தைச் சொல்லியிருக்கான்? கேட்டா, 'ஒரு காடு'ம்பார். எனக்கு இதெல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. புதுக் குண்டைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். மண்ணுக்குள்ள கெடந்த கிழடு எனக்குத் தெரியாது."

அது உண்மை. பழங்காலத்து நீளத் துப்பாக்கியில், குழாய் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுச் சுடும் போட்டியில், எங்கள் ஊரில் அவளை அடிக்க ஆள் இல்லை. தேவாலயத் திடலில் வருடா வருடம் பரிசாகத் தரும் உப்பிட்ட பன்றித்தொடை ஹாம் எப்போதும் அவள் வீட்டு அடுப்புக்குத்தான் போகும்.

"பையில இந்த ஏழுதானா? வேற எதுவும் இல்லையா?" என்று கேட்டாள்.

"ஏழுதான்."

"சட்டைப் பையில எதுவும் போட்டிருப்பாரோ என்னவோ." அவள் எழுந்தாள். "ஏதாவது தெரிஞ்சா எனக்குத்தான் முதல்ல சொல்லணும், வெண்டெல் கண்ணு. ராத்திரி தூக்கமே வர்றதில்ல."

கதவு வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்தபோது மிஸ் ஆர்டித் ஒரு குண்டை மட்டும் தனியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார்.

"இங்க வா. இதைப் பாரு."

பார்த்தேன். மற்ற ஆறும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து, வழவழவென்று இருந்தன. இதுவும் வெளுப்புதான். ஆனால் இரண்டு பக்கமும் அழுந்தக் கடித்த பல் தடம்.

"ஆஸ்பத்திரிக் குண்டு," என்றேன். என் குரலே இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் இது தெரியாதவர் கிடையாது. சால்ட்லிக் ஓடைக் கரையில் போர்க்கால மருத்துவமனை இருந்தது. சாலையோரம் பலகைகூட உண்டு. மயக்க மருந்து இல்லாத காலமாம். காலை அறுக்கும்போது கத்தாமல் இருக்கச் சிப்பாயின் வாயில் குண்டைக் கொடுப்பார்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப்போய் இந்தக் கதையைச் சொல்லி அழவைப்பார்கள். நானும் அழுதிருக்கிறேன்.

"பாய்டும் அதைத்தான் சொன்னார். பையில ஆஸ்பத்திரிக் குண்டு இருக்கு, அதனால கார்லண்ட் ஓடைக்கரையிலதான் தோண்டினார், அதனால ஓடையிலதான் விழுந்தார்." மிஸ் ஆர்டித் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "பல்லோட அகலத்தைப் பாரு. அந்தக் காலத்துச் சிப்பாய்க்கெல்லாம் இவ்வளவு பெரிய கடைவாயா?"

"சாப்பாடு கம்மி. பல்லாவது பெருசா இருந்திருக்கும்."

"சரி. பல் பதிஞ்ச குழி என்ன நிறம்?"

உற்றுப் பார்த்தேன். மேலே வெள்ளை. பல் பதிந்த குழிக்குள் மட்டும் பளிச்சென்ற சாம்பல் நிறம், புது ஈயத்தின் நிறம்.

"ஈயம் மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் கெடந்தாத்தான் இந்த வெள்ளைத் தோல் வரும். போர்க்காலத்துல கடிச்சிருந்தா குழியும் வெளுத்திருக்கும். இது தோல் வந்ததுக்கு அப்புறம் கடிச்சது. இந்த வருஷத்துக் கடி."

"அப்ப அந்தச் சிப்பாய்க்கு நூத்தி அறுபது வருஷம் கழிச்சுத்தான் வலிச்சுதா?"

"பன்னி, வெண்டெல். ஓக் மரத்தடியில கொட்டை பொறுக்கித் தின்ற பன்னி, வாய்ல அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். ருசி இல்லன்னா துப்பிடும்."

எங்கள் வட்டாரத்தில் பன்றி வளர்ப்பவர்கள் எல்லாரும் சிமென்ட் கொட்டகையில் அடைத்துத்தான் வளர்க்கிறார்கள். காட்டுக்குள் அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர் ஒருவர்தான், எம்மெட் டூலி. கார்லண்டின் உயிர்த் தோழர். தேடும் கூட்டத்துக்கு முன்னால் நிற்பவர். கிளையில் தொங்கிய பையைக் கண்டெடுத்து பாய்டிடம் கொடுத்ததும் அவர்தான்.

"கார்லண்ட் தோண்டினது ஓடைக்கரையில இல்ல. எம்மெட் காட்டுல," என்றார் மிஸ் ஆர்டித். "அங்க ஏதோ நடந்திருக்கு. அதுக்கப்புறம் யாரோ வண்டியையும் பையையும் ஓடைக்குக் கொண்டு போயிருக்காங்க."

"மிஸ் ஆர்டித், பன்னி எதை வேணும்னாலும் தின்னும்."

"தெரியும்."

"எலும்பைக்கூட விடாது."

"தெரியும்னேன். ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கோ. மான் சீசன். உன்னை மான்னு எவனும் நினைக்க மாட்டான், இருந்தாலும்."

வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். மிஸ் ஆர்டித் உள்ளே போனபோது என் கைப்பேசி அடித்தது. ரோவீனா. ஓடைக்கரையிலிருந்து பேசினாள். பின்னால் தண்ணீர் இரைச்சல் கேட்டது. ஏதாவது தெரிந்ததா என்று கேட்ட குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. பன்றியைப் பற்றி வாய் திறக்கவில்லை. எம்மெட் பண்ணையில் தோண்டியிருப்பார் போலிருக்கிறது, அங்கேதான் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். "நீ ரொம்ப நல்லவன் கண்ணு," என்றாள்.

எம்மெட் பண்ணைக்குப் போகும் மண்பாதையின் இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். பனி மூட்டம் இன்னும் விலகவில்லை. எங்கேயோ தூரத்தில் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. வேட்டைக்காரர்கள்தான். என்றாலும் நான் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தேன். பிறகு அவை வந்தன. மரங்களுக்கு நடுவே கறுப்பாக, சேறு அப்பிய உடம்போடு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து வேலியோரம் நின்று எங்கள் காரையே பார்த்தன. வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கொட்டை நொறுங்கும் சத்தம் ஜன்னலை மூடியிருந்தும் கேட்டது. அது கொட்டைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இறங்கு," என்றார் மிஸ் ஆர்டித்.

"காரை யாராவது பாத்துக்கணும்ல?"

அவர் அதற்குள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். நானும் இறங்கினேன்.

எம்மெட் டூலி வீட்டு வாசல் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் மக்காச்சோள வாளி. இன்னொரு கையில் துப்பாக்கி. சீசனில் எல்லார் கையிலும்தான் துப்பாக்கி இருக்கும். ஆனால் பன்றிக்குத் தீனி வைக்கப் போகிறவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை.

"மிஸ் ஆர்டித். ஓடைக்கு வரலையா? நான் இதுங்களுக்குத் தீனி வெச்சிட்டு அங்கதான் கெளம்பறேன்."

"அங்க தேடறதுக்கு நிறைய ஆள் இருக்கு, எம்மெட். எனக்கு ஒரு சந்தேகம். நீங்கதான் தீர்க்கணும்." மிஸ் ஆர்டித் அந்தக் குண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார். "கார்லண்ட் பையில இருந்தது. இது என்ன குண்டு?"

எம்மெட் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக் குண்டு. பாவம், யார் பெத்த பிள்ளையோ. வலி தாங்காமக் கடிச்சிருக்கான்."

நான் மிஸ் ஆர்டித்தைத் திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால், போன வசந்த காலத்தில் குண்டு சேகரிப்போர் கழகக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆஸ்பத்திரிக் குண்டு என்று ஒருவர் ஆரம்பித்ததும், இதே எம்மெட் ஒரு பன்றியின் தாடை எலும்பைத் தூக்கி மேஜைமேல் போட்டு, பல்லையும் தடத்தையும் பொருத்திக் காட்டி, "இதான் உங்க சிப்பாய்," என்று கத்தினார். கதையை நம்பிக் கண்ணீர் விட்ட பாதிரியாரைக்கூட விடவில்லை. சாலையோரப் பலகையை எடுக்கச் சொல்லி வருடக்கணக்காகச் சண்டை போடும் மனிதர் அவர்.

மிஸ் ஆர்டித் மெதுவாகத் தலையாட்டினார். "எப்ப மனசு மாறிச்சு எம்மெட்?"

"எதுல?"

"ஊர்ல எவன் இதை ஆஸ்பத்திரிக் குண்டுன்னு சொன்னாலும் நான் நம்புவேன். நீங்க சொன்னா நம்ப முடியல."

"வயசாயிடுச்சு. சண்டை போடத் தெம்பு இல்ல."

"வயசானா பிடிவாதம் கூடும். கொறையாது. ஊர் மொத்தமும் இதை ஓடைக்கரைக் குண்டுன்னு நம்பணும்னு உங்களுக்குத்தான் வேண்டியிருக்கு. ஏன்?"

வாளி கீழே இறங்கியது. துப்பாக்கி மேலே ஏறியது. குழாயின் வாய் என் ஆரஞ்சு சட்டையின் நடுவில் நின்றது. ஏன் என்னைக் குறி வைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேள்வி கேட்டது மிஸ் ஆர்டித்தானே. வேலிக்கு அந்தப் பக்கம் பன்றிகள் வாளியைப் பார்த்து உறுமத் தொடங்கின.

"உங்கள யார் அனுப்பினது?" என்றார் எம்மெட்.

"ரோவீனா."

"நீங்க இங்க வர்றது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் மிஸ் ஆர்டித்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"துப்பாக்கியை எறக்கு, எம்மெட்," என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "மிஸ் ஆர்டித் விஷயம் தெரியாம வந்திருக்காங்க. உள்ள கூப்பிடு."

கம்பி வலைக் கதவைத் திறந்துகொண்டு கார்லண்ட் ஸ்ட்ராதர் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. ஆள் இளைத்திருந்தார். பன்றி தின்றிருக்கும் என்று நான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த மனிதர் உயிரோடு நின்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அதற்குள் அவர் என் தோளைத் தாண்டி மண்பாதையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பயம் அப்படியே என்னைத் தொற்றிக்கொண்டது.

சமையலறை மேஜையருகே எங்களை உட்காரவைத்து, எம்மெட் மாவு டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். அதற்குள் ஒரு குண்டு. வெளுக்கவில்லை. சாம்பல் நிறம். பழைய மாதிரியில் வார்த்த புதுக் குண்டு. துப்பாக்கிக் குழாயின் வரிகள் அதன்மேல் பதிந்திருந்தன.

"போன புதன்கிழமை இந்தக் காட்டுல கெடைச்சுது," என்றார் கார்லண்ட். "ஹார்லன் விழுந்த எடத்துக்குப் பக்கத்துல. மிஸ் ஆர்டித், அடிப்பக்கம் பாருங்க. சின்னதா ஒரு பிசிறு இருக்கா? எங்க வீட்டு வார்ப்பு அச்சுல ஒரு ஓரம் உடைஞ்சிருக்கு. அதுல வாத்த ஒவ்வொரு குண்டுலயும் இந்தப் பிசிறு வரும். ரோவீனாவோட அச்சு. கல்யாணமானதுலேர்ந்து நான்தான் அவளுக்கு வாத்துத் தர்றேன்."

"அவங்ககிட்ட காட்டினீங்களா?"

"சாப்பிடறப்ப காட்டினேன். எவனோ உன் அச்சைக் கடன் வாங்கியிருக்கான் போலன்னு கேட்டேன். சத்தியமா எனக்கு வேற எதுவும் தோணல. இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போடட்டுமான்னு கேட்டா." கார்லண்ட் கைகளைப் பிசைந்தார். "மறுநாள் காட்டுல தோண்டிக்கிட்டிருந்தேன். ஒரு வேட்டு. தலைக்கு மேல போயிடுச்சு. பள்ளத்துல உருண்டு அப்படியே கெடந்தேன். பன்னிக் கூட்டம் சத்தத்துக்கு ஓடி வந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் கிட்ட வரல."

"நான்தான் வண்டியக் கொண்டுபோய் ஓடையில விட்டேன்," என்றார் எம்மெட். "ஆத்தோட போயிட்டான்னு அவ நம்பினா இவன் பொழைச்சிருப்பான். மாநிலப் போலீசைக் கூப்பிடலாம்னு தெனமும் கெஞ்சறேன். பாய்டுகிட்ட போனா அடுத்த நிமிஷம் அவ காதுக்குப் போயிடும்னும் சொல்றேன். இவன் கேக்க மாட்டேங்கறான்."

"அவ சுட்டதை நான் பாக்கல," என்றார் கார்லண்ட். "வேட்டைக்காரனா இருக்கலாம். அவளாவே இருந்தாலும், என்னை பயமுறுத்தத்தான் சுட்டிருப்பா. அவ குறி வெச்சா தப்பாது. எனக்குத் தெரியும். வேணும்னேதான் மேல விட்டிருக்கா."

அந்த மனிதர் அந்த ஒரு நம்பிக்கையை வைத்துத்தான் இத்தனை நாளும் உயிரோடு இருந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மிஸ் ஆர்டித் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காலையில அவங்க எங்கிட்ட, உடம்பு கெடைக்குமான்னு ஒரு தடவைகூட கேக்கல. பையில வேற என்ன இருந்துச்சு, சட்டைப் பையில என்ன இருந்துச்சுன்னுதான் கேட்டாங்க. அவர் இங்கதான் தோண்டினார்னு அவங்களுக்கு முதல்லயே தெரியும். ஆனா அவங்களாவே வந்து தேடினா, இந்த எடம் உனக்கு எப்படித் தெரியும்னு ஊர் கேக்கும். அதுக்குத்தான் நம்மள வெச்சாங்க. மோப்பம் பிடிக்க ஒரு நாய் வேண்டியிருந்துச்சு."

"ரெண்டு நாய்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மிஸ் ஆர்டித், நான் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"பெட்ரோல் பங்குல. அவ அழுதா."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. எம்மெட் எழுந்து சுவரிலிருந்த தொலைபேசியில் மாநிலப் போலீசுக்கு எண்ணைச் சுழற்றினார். அவர் பேசி வைத்தபோது மண்பாதையில் வண்டிச் சத்தம் கேட்டது. பன்றிகள் உறுமலை நிறுத்தின.

"எம்மெட், நீங்க துப்பாக்கியைச் சரிபார்க்கச் சுடற களிமண் கரை இருக்குல்ல? அதுலேர்ந்து எடுத்த குண்டு ஏதாவது கையில இருக்கா?" என்றார் மிஸ் ஆர்டித்.

ஜன்னலோரம் ஒரு காபி டப்பா நிறைய இருந்தது. மிஸ் ஆர்டித் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் பழைய மாதிரியில் வார்த்தது, சாம்பல் நிறம், அதிலும் குழாய் வரிகள். காலையில் மேஜையிலிருந்த வெள்ளைக் குண்டுகள் ஆறையும் கைப்பையிலிருந்து எடுத்து அதோடு சேர்த்துக்கொண்டார். நிஜக் குண்டு மாவு டப்பாவுக்குள் திரும்பப் போனது. எம்மெட்டின் காதில் ஏதோ சொன்னார். அவர் பின்வாசல் வழியாக வெளியே போனார்.

"வெண்டெல், என்னோட வா. மூஞ்சியை மாத்தாத."

"இதைவிட மோசமா மாத்த முடியாது, மிஸ் ஆர்டித்."

ரோவீனாவின் வண்டி எங்கள் காருக்குப் பின்னால் நின்றது. பின்கண்ணாடியில் நீளத் துப்பாக்கி அதன் கொக்கியில் மாட்டியிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு வேகமாக வந்து வராந்தாப் படியேறினாள். கண் சிவந்திருந்தது. அழுது சிவந்த கண்தான். அதைப் பார்த்து எனக்குள் ஏதோ ஒன்று இன்னும் அவளை நம்பியது.

"கெடைச்சுட்டாரா?"

"அவர் கெடைக்கல," என்றார் மிஸ் ஆர்டித். "அந்த ஓக் மரத்தடியில தோண்டியிருக்கார். அவர் எடுத்து வெச்ச குண்டுங்க மட்டும் கெடைச்சுது. உங்ககிட்ட கொடுக்கணும்னு தோணிச்சு." ஏழையும் வராந்தாக் கைப்பிடிச் சட்டத்தில் வரிசையாக வைத்தார்.

ரோவீனா குனிந்து பார்த்தாள். அவள் தோள் ஒரு கணம் இறுகி, பிறகு தளர்ந்தது.

"இந்த எழவெடுத்த ஈயம்தான் என் புருஷனைக் கொண்டுபோச்சு," என்றாள். தேம்பினாள். கையை நீட்டி ஒன்றை எடுத்து, வேலியைத் தாண்டி, பன்றிகள் உழுது போட்ட சேற்றுக்குள் ஓங்கி எறிந்தாள். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

சட்டத்தின்மேல் ஆறு வெள்ளைக் குண்டுகள் மீதி இருந்தன.

மிஸ் ஆர்டித் அவசரப்படவில்லை. "கோவம் வந்தா எல்லாத்தையும் வாரி எறிவாங்க, ரோவீனா. நீங்க ஒண்ணைப் பொறுக்கி எறிஞ்சீங்க."

"எது கையில வந்துச்சோ அது."

"கடைசியில இருந்துச்சு அது. மத்த ஆறு குண்டையும் தாண்டி எடுத்தீங்க. அது போகட்டும். அது எம்மெட் போன வாரம் களிமண் கரையில சுட்டுப் பாத்த குண்டு. உங்களது பத்திரமா இருக்கு. திருப்பி அடிப்பக்கம் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், பிசிறு இருக்காது."

ரோவீனாவின் தேம்பல் நின்றது. ஒரு குழாயை மூடியதுபோல நின்றது. நான் டிஷ்யூ வாங்கி வைத்த பெண்ணின் முகம் அது இல்லை. அவள் மிஸ் ஆர்டித்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பித் தன் வண்டியைப் பார்த்தாள். எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு ஓடத் தோன்றியது. கால் வரவில்லை. வராததால்தான் நான் அன்று தைரியசாலி.

அவள் கடைசிப் படியை அடையும்போது எம்மெட் வேலிக் கதவை முழுசாகத் திறந்துவிட்டு, சோள வாளியை அவள் வண்டிக்கு முன்னால் கவிழ்த்தார். பன்றிகள் மொத்தமும் முற்றத்துக்குள் பாய்ந்தன. அவளுக்கும் வண்டிக்கும் நடுவே, முட்டி மோதிக்கொண்டு, அவள் இடுப்பு உயரத்துக்கு. அவள் படியிலேயே நின்றுவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் நின்றிருப்பார்கள்.

எனக்குப் பின்னால் கம்பி வலைக் கதவு திறந்தது. உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தோம். கார்லண்ட் கேட்கவில்லை.

ரோவீனா அவரைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பழக்கத்தில் வந்த கேள்வி.

"ரோவீனா, ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றார் கார்லண்ட். "ஹார்லனைப் பத்தி நான் கேக்கல. அது நீயும் கடவுளும். என்னைச் சொல்லு. உனக்குக் குறி தப்பி நான் பாத்ததே இல்ல. அன்னிக்கு வேணும்னேதானே மேல விட்ட?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்திருப்பாள். அவர் முகத்தைப் பார்த்த யாரும், அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுப் போயேன் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். நான் வேண்டிக்கொண்டேன்.

"நீ குனிஞ்சிட்ட, கார்லண்ட்," என்றாள். "உன் மெஷின் கத்துச்சு. நீ எப்பவும் போல குனிஞ்சிட்ட."

அதுவரை நிமிர்ந்து நின்றிருந்த மனிதர் வராந்தாப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிஸ் ஆர்டித் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். போலீஸ் வண்டியின் சத்தம் கேட்கும் வரை பன்றிகள் முற்றத்தில் சோளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தன.